குளுக்கோஸ் ஏற்றிய பின் நின்றுபோன நினைவு: பர்மாவின் பெகு வட்டாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்லர். பர்மாவின் நெல் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சாப்பாடு, பழக்கவழக்கம், அவர்களுக்குக் கிட்டும் மருத்துவம் ஆகியவற்றை வைத்துக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. நோயின் போக்கு, மருந்தளவு, சோதனை முறை, வரலாறு எல்லாம் மருத்துவத்தில் நிலைபெற்றவை. நடந்த காலம் 2019 என்று வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தோ சரியாகச் சாப்பிடாமலோ இருந்த ஒருவர் திடீரெனத் தள்ளாடினாலோ, இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ, குழம்பிப் பேசினாலோ, அன்றைக்கே வைட்டமின் பி1 ஊசி சிரை வழியாகப் போக வேண்டும். சில நாள் தாமதித்தால், அவர் உயிர் பிழைத்தாலும் புதிய நினைவு எதையும் சேர்க்க முடியாதவராகிவிடக்கூடும்.

நோயாளியும் முதல் ஆறு நாட்களும்

62 வயது ஆண். பெகுவுக்கு அருகே நான்கு தலைமுறையாக நெல் விவசாயம் செய்யும் குடும்பம். ஊரில் சிறிய அரிசிக் கடையும் உண்டு. வீட்டில் தமிழ், கடையில் பர்மிய மொழி. தமிழ் எழுத்து கோயிலில் நடந்த மாலை வகுப்பில் கற்றது. மது இல்லை. வெற்றிலை பாக்கு நாளுக்கு எட்டு, பத்து முறை. பால் இல்லாத கடுந்தேநீர் நாள் முழுக்க.

பல வருடமாக வயிற்றுப்புண். புண் ஆறி ஆறி, உணவு குடலுக்கு இறங்கும் இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிவிட்டது. ஐந்து வாரமாகச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் எல்லாம் வாந்தியாக வந்தது. முந்தைய நாள் சோறுகூட வெளியே வந்தது என்று மனைவி சொன்னார். இரைப்பை வாய் அடைப்பைக் கிட்டத்தட்ட உறுதிசெய்யும் வாசகம் இது. எடை 61 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு இறங்கியது. உள்ளே தங்கியது வடித்த வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும் தேநீரும்தான். மூன்றாவது வாரத்திலிருந்து பாதம் எரிந்தது, கெண்டைக்கால் அழுத்தினால் வலித்தது. வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். பி1 குறையும்போது பல சமயம் நரம்பு இப்படித்தான் முதலில் முறையிடும். இந்த இடத்தில் பிடித்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் ஊரில் ஒரு சிறு கிளினிக்கில் சேர்த்தார்கள். நீரிழப்பு, சோர்வு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நாளுக்கு 2 லிட்டர் வீதம் நான்கு நாள் ஏற்றினார்கள். அதாவது நாளுக்கு 100 கிராம் குளுக்கோஸ். அதோடு வைட்டமின் எதுவும் போகவில்லை. முதல் நாள் தெம்பு வந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிகிறது என்றார். கால்களை அகல வைத்து, சுவரைப் பிடித்து நடந்தார். நான்காம் நாள் மகனைத் தம்பி பெயர் சொல்லி அழைத்தார். மருந்தால் வந்த மயக்கம் என்று ஒருவர், காத்து கருப்பு என்று இன்னொருவர். மந்திரித்துப் பார்த்ததில் ஒரு நாள் போனது. ஆறாம் நாள்தான் யாங்கோனுக்கு (பழைய பெயர் ரங்கூன்) கொண்டுவந்தார்கள்.

அங்கே பார்த்தது: இரு கண்களும் வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை, பக்கவாட்டில் பார்த்தால் கருவிழி துடித்தது. உட்கார்ந்தால் நிலையாக இருந்தார், நின்றால் சாய்ந்தார். முழங்கால் அனிச்சை இல்லை. நாடி 108. உடல் வெப்பம் 35.6 செல்சியஸ். சர்க்கரை சரியான அளவில். பொட்டாசியம் 2.9, சோடியம் 132. மக்னீசியம் 0.55 மில்லிமோல், அதுவும் குறைவு. எம்ஆர்ஐ படத்தில் மூளையின் நடுவே உள்ள தாலமஸின் உட்பக்கத்திலும், நடுமூளையின் நீர்க்குழாயைச் சுற்றியும், மூளையின் அடிப்பக்கத்துச் சிறு முடிச்சுகளான மாமிலரி உடல்களிலும் இரு பக்கமும் சமமாக, சேதத்தைக் காட்டும் வெளிச்சம்.

இது வெர்னிக்கே மூளை நோய். 1881இல் கார்ல் வெர்னிக்கே எழுதிவைத்த மூன்று அடையாளங்கள் கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம். மூன்றும் சேர்ந்து வருவது பிரேதப் பரிசோதனையில் உறுதியானவர்களிலேயே ஆறில் ஒருவருக்குத்தான். அதனால் இந்த மூன்றோடு, சத்துக்குறைவான உணவை நான்காவதாகச் சேர்த்து, நான்கில் இரண்டு இருந்தாலே சிகிச்சை தொடங்குவது என்பது 1997க்குப் பிறகு பரவிய நடைமுறை. எம்ஆர்ஐ படம் இல்லாத ஊரில் காத்திருக்கவே கூடாது. படம் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் படத்தில் ஒன்றும் தெரியாது.

கொடுத்த சிகிச்சை

தயமின் (பி1) 500 மில்லிகிராம், 100 மில்லி சாதா சலைனில் கலந்து 30 நிமிடத்தில் சிரை வழி. நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள். பிறகு 250 மில்லிகிராம் நாளுக்கு ஒரு முறை, ஐந்து நாள். அதன்பின் மாத்திரை 100 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டி 200 மில்லிகிராம் மூன்று வேளை என்கிறது. எந்த அளவு மேல் என்று தீர்க்கமான ஒப்பீடு இல்லை. எந்த அளவானாலும் அதைச் சீக்கிரம், சிரை வழியாகக் கொடுப்பதில்தான் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். வாய் வழியாகக் கொடுத்தால் நலமான குடலே ஒரு வேளைக்குச் சில மில்லிகிராம்தான் இழுக்கும். வாந்தி எடுப்பவரின் குடலிடம் அதையும் எதிர்பார்க்க முடியாது.

மக்னீசியம் சல்பேட் 2 கிராம் ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. தயமின் உடலுக்குள் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறவும், அதை நம்பியிருக்கும் நொதிகள் இயங்கவும் மக்னீசியம் வேண்டும். அது குறைந்திருந்தால் எவ்வளவு பி1 போட்டாலும் நோயாளி தேறாமல் போகலாம். இதைத் தவறவிட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது நடக்கிறது. பொட்டாசியம் சேர்க்கப்பட்டது. பாஸ்பேட் தினமும் பார்க்கப்பட்டது. பட்டினி கிடந்த உடலுக்கு உணவு திரும்பும்போது பாஸ்பேட் சரிந்து இதயமும் மூச்சும் தடுமாறும்.

மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பி1, பி6, பி12 கலந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. பலவற்றில் பி1 100 மில்லிகிராம்தான் இருக்கும். 500 வேண்டுமென்று ஐந்து போட்டால் பி6 தேவைக்கு மேல் ஏறிவிடும். தனி தயமின் ஊசியே சரி. கையில் கலவை ஊசி மட்டுமே இருந்தால் ஒன்றைப் போட்டுவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, எதுவும் போடாமல் அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

முதல் ஊசி போய் 16 மணி நேரத்தில் கண் வெளிப்பக்கம் திரும்பியது. இந்த நோயில் முதலில் மீள்வது கண்தான். சில மணி நேரத்தில் கண் திரும்புவதே நோயை உறுதிசெய்யும் சான்று. பக்கப் பார்வையின் துடிப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. நடை இரண்டு வாரத்தில் கோலோடு நடக்குமளவு தேறியது. ஒன்பதாம் நாள் குழப்பம் தெளிந்தது. முகத்தைப் பார்த்துப் பேசினார், நகைச்சுவைக்குச் சிரித்தார், கணக்குப் போட்டார். வீட்டார் நிம்மதியடைந்தார்கள். நினைவின் சேதம் அந்தத் தெளிவுக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. மூன்றாம் வாரம் இரைப்பை அடைப்புக்கு மாற்றுவழி அறுவை நடந்தது. ஏன் வயிற்றில் தையல் இருக்கிறது என்று அதன்பின் தினமும் கேட்டார்.

குளுக்கோஸின் பங்கு

குளுக்கோஸை மூளை எரிபொருளாக்கும் பாதையில் மூன்று நொதிகளுக்குத் தயமின் கட்டாயம்: பைருவேட் டிஹைட்ரோஜினேஸ், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரோஜினேஸ், டிரான்ஸ்கீட்டோலேஸ். தயமின் இல்லாதபோது சர்க்கரை வந்து குவியும், எரியாது. லாக்டிக் அமிலம் தேங்கும், நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் மிகுந்து அந்த அணுக்களுக்கே நஞ்சாகும், ரத்தக்குழாய்ச் சுவர் கசியும். எப்போதும் அதிகம் எரிக்கும் பகுதிகளான தாலமஸின் உட்பக்கமும் மாமிலரி உடல்களும் முதலில் விழும்.

உடலில் தயமின் இருப்பு மொத்தம் 30 மில்லிகிராம் அளவு. ஆண்களின் நாள் தேவை 1.2 மில்லிகிராம், பெண்களுக்கு 1.1. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் மூன்று, நான்கு வாரத்தில் கையிருப்பு கரைந்துவிடும். இவருக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த துளியை நான்கு நாள் குளுக்கோஸ் தின்று முடித்தது.

இதைக் கேட்டுவிட்டுக் குளுக்கோஸுக்கே பயப்படுவது வேறு தவறு. சர்க்கரை விழுந்து மயங்கிக் கிடப்பவருக்குக் குளுக்கோஸை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பி1ஐ அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஊசிக் குளுக்கோஸால் இந்த நோய் வருவது மிக அரிது. நாள்கணக்கில் பி1 இல்லாமல் ஏற்றுவதுதான் கெடுதல்.

நினைவைச் சோதித்த விதம்

நினைவுச் சோதனை தாய்மொழியில் நடக்க வேண்டும். இவருக்குத் தமிழில் நடத்தினோம். எண்களைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதில் ஆறு இலக்கம், தலைகீழாக நான்கு. இது இயல்பு. அதாவது காதில் விழுந்ததைச் சில நொடி மனத்தில் பிடித்துவைக்கும் செயல்நினைவு நலமாக இருந்தது.

பிறகு பத்துச் சொற்கள்: தேங்காய், படகு, விளக்கு, மாடு, குடை, கதவு, எள், மேளம், சட்டி, சங்கு. ஐந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்டதில் 4, 5, 5, 6, 5. நலமானவர் ஐந்தாம் முறைக்கு எட்டு, ஒன்பதைத் தொடுவார். இவர் ஏறவில்லை. இருபது நிமிடம் வேறு பேச்சு. மீண்டும் கேட்டபோது சுழியம். “எந்த வார்த்தைங்க? நீங்க இப்பத்தானே வந்தீங்க” என்றார். பத்துச் சொல்லோடு புதிதாகப் பத்தைக் கலந்து, முன்பு கேட்டதா என்று வினவியதில் பழையவற்றில் ஏழுக்கும் புதியவற்றில் ஆறுக்கும் ஆம் என்றார். இது குருட்டாம்போக்கு.

இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கவே கூடாது. முதுமையின் மறதியிலிருந்தும் மனச்சோர்வின் மறதியிலிருந்தும் இந்த நோயின் மறதியைப் பிரிப்பது அதுதான். வயதானவருக்குச் சொல் வாயில் வராது, ஆனால் காட்டினால் ‘அட, இதுதான்’ என்பார். சேமிப்பு இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். இவருக்கு எடுப்பதற்கு உள்ளே எதுவும் சேரவில்லை.

பழைய நினைவைச் சோதிக்க ஆயத்த வினாத்தாள்கள் உதவா. அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர் பெகு அரிசிக்கடைக்காரருக்கு எதற்கு? பர்மாவில் வாழ்ந்தவருக்கு அந்த நாட்டு வாழ்க்கையே அடுக்கடுக்காகக் கேள்வி தரும். பணநோட்டுகளும் (பர்மிய நாணயம் கியாட்) சில பெரிய நிகழ்வுகளுமே போதும்:

1964: கடைகள் தேசியமயம், 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போனது
1974 டிசம்பர்: ஐ.நா. பொதுச்செயலராக இருந்த ஊ தாண்டின் இறுதிச் சடங்கில் எழுந்த கலகம்
1987 செப்டம்பர்: 25, 35, 75 கியாட் செல்லாது, 45, 90 கியாட் புதிதாக வந்தது
1988: ஜனநாயகத்துக்கான மக்கள் போராட்டம்
1998: 1000 கியாட் நோட்டு
2005: தலைநகர் ரங்கூனிலிருந்து நேபிடாவுக்கு மாற்றம்
2008 மே: நர்கிஸ் புயல்
2010 அக்டோபர்: புதிய கொடி
2012: 10,000 கியாட் நோட்டு
2014: மலிவு விலை சிம் கார்டு

1988 வரை துல்லியம். 1964இல் இவருக்கு ஏழு வயது. அப்பாவின் கடைக்கு அதிகாரிகள் வந்து பொருளைக் கணக்கெடுத்ததைப் பலகைகளின் நிறம் உட்படச் சொன்னார். 1998இல் தயங்கினார். தலைநகர் ரங்கூன்தான் என்றார். நர்கிஸைப் பற்றிக் குறிப்புக் கொடுத்தால் ‘பெரிய காத்து ஒண்ணு’ என்றார், வருடம் வரவில்லை. கொடியைக் கேட்டால் நீலக் கட்டத்தில் நெற்கதிரும் பற்சக்கரமும் பதினான்கு நட்சத்திரமும் உள்ள பழைய கொடியை வரைந்தார். 10,000 கியாட் நோட்டைக் கையில் கொடுத்தபோது புரட்டிப் பார்த்து, கள்ள நோட்டு என்று திருப்பித் தந்தார். 2012இலும் 2016இலும் பிறந்த பேரக் குழந்தைகளின் பெயர் தெரியவில்லை.

அண்மைக்காலம் அழிந்து தொலைக்காலம் தங்கும் இந்தச் சரிவை 1881இலேயே பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ எழுதியிருக்கிறார். வீட்டாருக்கு இது புரிந்துகொள்ளக் கடினமானது. சிறுவயதில் கோயிலில் மனனம் செய்த பதிகத்தை ஓர் அடி பிசகாமல் பாடுகிறவருக்கு நினைவு கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொல்வதை அவர்கள் நம்பவில்லை. பதிகமும் வாய்ப்பாடும் சேதமான பகுதியின் தயவில்லாமலே இயங்குபவை.

நினைவு எங்கே தடைபட்டது

ஓர் அனுபவம் முதலில் மூளையின் பக்கவாட்டு மடலுக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸில் பதிகிறது. அங்கிருந்து ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை வழியாக மாமிலரி உடல்களுக்கு, அங்கிருந்து தாலமஸின் முன்கருவுக்கு, பிறகு மூளையின் வெளியடுக்கான புறணியில் சிங்குலேட் என்ற பகுதி வழியாகத் திரும்ப ஹிப்போகாம்பஸுக்கு. 1937இல் ஜேம்ஸ் பேப்பெஸ் இந்தச் சுற்றை உணர்ச்சியின் பாதை என்று கருதி வரைந்தார். நினைவுக்குத்தான் அது அதிகம் வேண்டும் என்று பின்னால் தெரிந்தது. சுற்றின் முக்கிய இடங்களில் எது அறுந்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 1953இல் வலிப்புக்காக இரு பக்க ஹிப்போகாம்பஸையும் இழந்த ஹென்றி மொலேசனைப் பற்றி 1957இல் ஸ்கோவில்லும் பிரெண்டா மில்னரும் எழுதியது ஒரு முனையின் கதை. வெர்னிக்கே நோய்க்குப் பின் நம் நோயாளியைப் போல நினைவை இழந்தவரைக் கோர்சகாஃப் நோயாளி என்பார்கள். அவர் மறுமுனையில், மாமிலரி உடல்களிலும் தாலமஸிலும் அறுபட்டவர்.

பதிந்தது அன்றே நிலைப்பதில்லை. ரங்கூன் முகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். மூளையிலும் ஹிப்போகாம்பஸ் பிடித்த குறிப்பு, உறக்கத்திலும் மீள்நினைவிலும் திரும்பத் திரும்ப ஓடி, மாதங்களிலும் வருடங்களிலும் புறணிக்கு ஏறுகிறது. இவருக்கு ஏற்றி முடித்த பழைய பக்கங்கள் பத்திரம். குறிப்பேட்டில் எழுதும் கை நின்றுவிட்டது. முழுதாக ஏற்றி முடியாத கடந்த இருபது வருடம் சிதைந்தது.

நலமான மூளையும் மறக்கிறது, ஆனால் அதன் வடிவம் வேறு. 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து அளந்தார். மறுமுறை கற்கும்போது மிச்சமாகும் உழைப்பு 20 நிமிடத்தில் 58 சதவீதம், ஒரு மணியில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. முதல் மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு தட்டையாக நீளும் கோடு அது. எடுத்துப் பார்க்காதது தேய்கிறது, ஒத்த அனுபவங்கள் ஒன்றையொன்று மறைக்கின்றன. ஆனாலும் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. நம் நோயாளிக்கு 20 நிமிடத்தில் தெரிந்து நினைவுகூர ஒன்றும் இல்லை.

தெரிந்து நினைவுகூர என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை நகர்த்தச் சொன்னோம். முதல் நாள் 31 பிழை, இரண்டாம் நாள் 17, மூன்றாம் நாள் 9. மூன்று நாளும் இதற்கு முன் செய்ததே இல்லை என்றார். கை கற்றது, அவருக்குத் தெரியாமல். ஜெனீவாவில் எத்வார் கிளாபரேத் 1911இல் பதிவுசெய்த கோர்சகாஃப் நோயாளிப் பெண்ணும் இப்படித்தான். கைகுலுக்கும்போது ஊசியால் குத்திய மருத்துவரை மறுநாள் அடையாளம் தெரியவில்லை, ஆனால் கை கொடுக்க மறுத்தார். செயல்திறனும் அச்சமும் வேறு பாதைகளில் சேமிப்பாகின்றன. மறுவாழ்வு முழுதும் இந்தத் திறந்த பாதைகளை நம்பியே நடக்கிறது.

பொய் அல்லாத பொய்கள்

வார்டில் படுத்திருந்தவரிடம் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கடை திறந்தேன், ஒருத்தர் 90 கியாட் நோட்டை நீட்டினார், சில்லறை இல்லாமல் பக்கத்துக் கடைக்கு ஓடினேன் என்பார். மகன் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா பொய் சொல்ல மாட்டாரே.

அவர் பொய் சொல்லவில்லை. 90 கியாட் நோட்டு உண்மை, 1987இன் கடைசியில் நடந்தது உண்மை. நினைவுக்கு எப்போது என்ற முத்திரை குத்தும் வேலையைச் செய்யும் தாலமஸ், முன்மூளை இணைப்புகள் சேதமானதால், அகப்பட்ட பழைய துண்டு இன்றைய காலையின் வெற்றிடத்தில் வந்து உட்கார்கிறது. மாஸ்கோவில் செர்கெய் கோர்சகாஃப் 1887இல் தொடங்கி எழுதிய விவரிப்புகளிலேயே இது இருக்கிறது. மறுத்து வாதாடினால் நோயாளி இன்னும் புனைவார், கோபமும் வரும். ஆமாம் போட்டு வளர்க்கவும் கூடாது. “அந்த நோட்டு அப்ப இருந்துச்சு அப்பா. இப்ப மணி பத்து, ஆஸ்பத்திரியில இருக்கோம், சாப்பிடலாம் வாங்க” என்று பழையதை ஏற்று, இன்றையதைச் சொல்லி, கையில் ஒரு வேலையைக் கொடுப்பது பலித்தது. பொதுவாகச் சில மாதங்களில் இந்தப் புனைவு தானே குறையும். மறதி தங்கும்.

சோற்றுத் தட்டின் கணக்கு

குடி உண்டா என்று எல்லோரும் முதலில் கேட்டது குடும்பத்துக்கு அவமானமாகப் பட்டது. இந்த நோய் உலகெங்கும் குடிப்பவரிடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் நீண்ட வாந்தி, கர்ப்பகால மிகை வாந்தி, வயிற்று அறுவை, புற்றுநோய், பட்டினி எல்லாமே அதே இடத்துக்குக் கொண்டுபோகும். குடிக்காதவர் என்று தெரிந்ததும் இந்த நோயைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதுதான் ஆபத்து.

தவிடு நீக்காத அரிசி 100 கிராமில் தயமின் சுமார் 0.4 மில்லிகிராம். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியில் 0.07. புழுங்கல் அரிசியில் 0.2 அளவு, ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. நாளுக்கு அரை கிலோ வெள்ளை அரிசி தின்றாலும் 0.35தான். அதை மூன்று தரம் கழுவி, கஞ்சி வடித்துக் கொட்டினால் அதிலும் நல்ல பங்கு சாக்கடைக்குப் போகும். மேலே தேநீரின் துவர்ப்பும் கொட்டைப்பாக்கின் துவர்ப்பும் தயமினைக் கட்டிச் செயலிழக்கச் செய்கின்றன. வேகாத ஊறல் மீனில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. கொதிக்கவைத்தால் அந்த நொதி அழியும், துவர்ப்போ வெந்தாலும் போகாது.

நம்மவர்க்கு இதில் ஒரு பழைய வரலாறு உண்டு, மறக்கக் கூடாதது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், பி1 குறைவால் வரும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் விழ, அருகிலேயே புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிராடன் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். அதே மலாயாத் தமிழர் 1942, 43இல் சயாம் பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, கிடைத்த சொற்ப அரிசியில் பெரிபெரியும் வந்தது. அந்தப் பாதையின் பர்மா முனை மோல்மேனுக்குத் தெற்கே தன்பியூசயாத். அதே போர்க்காலத்தில் சிங்கப்பூர்க் கைதி முகாமில் குடியே இல்லாத 52 பேருக்கு வெர்னிக்கே நோய் வந்ததை மருத்துவர்கள் டி வார்டனரும் லெனாக்ஸும் 1947இல் வெளியிட்டார்கள். குடி இல்லாமலும் இது வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றும் பர்மாவில் குழந்தைப் பெரிபெரி கைக்குழந்தைகளைக் கொல்கிறது. தாய்க்கு இல்லாத சத்து பாலில் எப்படி வரும்? பிரசவத்தை ஒட்டிப் பெண்களுக்கு பி1 மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம் அதற்காகத்தான். இந்தியாவின் இட்லிக்கு உளுந்து அனுப்பும் நாட்டில், அதை விளைவிக்கும் வீட்டின் தட்டில் பருப்பு குறைவாக இருப்பது வேதனை.

இந்த வீட்டில் மாற்றியவை: புழுங்கல் அரிசி, ஒரே முறை கழுவி, நீர் அளந்து வைத்து வடிக்காமல் பொங்குதல். தினமும் 50 கிராம் பாசிப்பயறும், வறுக்காமல் அவித்த ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். இவை இரண்டும் பி1 நிறைந்தவை. தேநீர் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. பாக்கை விடச் சொன்னோம், பாதிதான் குறைந்தது.

வீட்டில் நடந்த பயிற்சி

நினைவுகூரும் சக்தியைப் பயிற்சியால் திரும்பக் கொண்டுவர முடியாது. சொல்பட்டியல், புதிர், மனனம் எல்லாம் இங்கே நேர விரயம். அன்றாடத்துக்கு வேண்டிய ஐந்தாறு செய்திகளைப் பழக்கமாக ஏற்றுவதுதான் இலக்கு.

முதல் விதி, ஊகிக்க விடாதே. நலமானவர் தவறிலிருந்து கற்பார், ஏனென்றால் திருத்தியது நினைவிருக்கும். இவருக்குத் திருத்தியது மறந்து, தவறு மட்டும் பழக்கமாகப் படியும். உளவியலாளர்கள் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டியது இது. “நினைவிருக்கா அப்பா, மாத்திரை எங்கே?” என்று கேட்கவே கூடாது. “மாத்திரை சாமி அலமாரியில, பச்சை டப்பாவுல. எங்கே?” என்று விடையைச் சொல்லி உடனே கேட்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி. சரியானால் ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என இடைவெளியை இரட்டிக்க வேண்டும். தவறினால் விடையைச் சொல்லி, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். ஒரு அமர்வில் ஒரே செய்தி. அந்தச் செய்தி மறுநாள் காலை முதல் கேள்விக்கே நின்ற பிறகுதான் அடுத்தது. பச்சை டப்பாவுக்கு 11 நாள் ஆனது.

இரண்டாவது, பொருள் இடம் மாறக் கூடாது. தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது மருமகள் அலமாரியை நகர்த்தியதில் இரண்டு வாரப் பயிற்சி வீணானது. கண் பழைய சுவரையே தேடியது.

சுவரில் வெண்பலகை ஒன்று: தேதி, வயிற்றில் அறுவை நடந்தது ஏன், இன்று யார் வருகிறார்கள். மூன்று வரிக்கு மேல் எழுதினால் படிப்பதில்லை. எழுத்து தமிழில் இருக்க வேண்டும் என்று மகனிடம் வலியுறுத்தினோம். அவர் முதலில் பர்மிய மொழியில் எழுதியிருந்தார், அப்பா அதைக் கடை அறிவிப்பு என்று எண்ணி விட்டுவிட்டார். தொலைபேசி அலாரம் மாத்திரை வேளைக்கு உதவியது. அலாரத்தோடு மகளின் பதிவுசெய்த குரல் “அப்பா, பச்சை டப்பா” என்று சொல்லும்படி வைத்த பிறகுதான் அது வேலை செய்தது. வெறும் மணியொலி எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மாதம் கழித்து

பத்துச் சொல் பட்டியலில் இருபது நிமிடம் கழித்து இரண்டு சொல் வருகிறது. 2005க்கு முந்தைய நினைவுகள் ஓரளவு ஒழுங்கானது. பேரக் குழந்தைகளின் பெயர் சொல்கிறார், எப்போது கற்றார் என்று தெரியாது. புனைவு அரிதாகிவிட்டது. நடையில் அகலம் இருக்கிறது, கோல் வேண்டும். இந்த நோயில் முழுதாக மீள்பவர் ஐந்தில் ஒருவர் அளவே. இவர் அந்த ஒருவர் அல்லர்.

கடையில் உட்கார்கிறார். அரிசி அளக்கிறார், மனக்கணக்கில் மகனை வெல்கிறார், விலை மட்டும் பலகையைப் பார்த்துச் சொல்கிறார். கடன் கொடுப்பது அவர் கையில் இல்லை. யார் வாங்கினார் என்பது அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் போய்விடும்.

வயலில் ஒரு பகுதியை விற்பதற்கு அவர் கையெழுத்து தேவைப்பட்டபோது குடும்பம் திகைத்தது. மறதி இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் தகுதி போய்விடாது. விலை, காரணம், விற்காவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்து, வெவ்வேறு மூன்று நாட்களில், முந்தைய பதிலைச் சொல்லாமல் கேட்டோம். தாள் கண்முன் இருக்கும்வரை அவரால் எடைபோட முடிந்தது. மூன்று நாளும் அவர் சொன்னது ஒன்றே: மேட்டுப் பங்கை விற்கலாம், வாய்க்கால் ஓரத்துப் பங்கைத் தொடாதீர்கள், அதில்தான் இரண்டாம் போகம் வரும். மேட்டுப் பங்குதான் விற்கப்பட்டது. தயமின் மாத்திரை 100 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று தொடர்கிறது. இரைப்பை வழி மாற்றப்பட்டதால் உறிஞ்சல் எப்போதும் குறைவாகவே இருக்கும், எனவே அதை நிறுத்தும் திட்டம் இல்லை. பி12 அளவு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப்படுகிறது.